அக்பரின் மாமி குல்பதன் பேகம்

1575ஆம் ஆண்டின் பெருமழைக்காலம் முடிந்து, வட இந்தியாவின் ஆறுகளில் வெள்ளம் வடிந்திருந்தது. பத்தேபூர் சிக்ரியில் அக்பரின் புதிய தலைநகரம் சிவப்புக் கற்களில் எழும்பிக்கொண்டிருந்தது. வேலை தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கல் கொத்தும் ஓசை ஓயாத அந்த நகரத்தின் அந்தப்புரத்தில், 52 வயதான ஒரு பெண்மணி நீண்ட பயணம் ஒன்றுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவர்தான் குல்பதன் பேகம். முதலாவது முகலாயப் பேரரசர் பாபரின் மகள், இரண்டாவது பேரரசர் ஹுமாயூனின் சகோதரி, மூன்றாவது பேரரசர் அக்பரின் மாமி. அவர் போகவிருந்த இடம் மக்கா.

52 வயது இன்று பெரிய வயதல்ல. ஆனால் அந்தக் காலத்தில், அதுவும் அரச குடும்பத்தில், பேரப்பிள்ளை கண்ட ஒரு பெண்ணுக்கு அது ஓய்ந்திருக்கும் வயது. பெருநாளில் எல்லோரும் வந்து ஸலாம் சொல்வார்கள், கல்யாணங்களில் முன்வரிசையில் இடம் கிடைக்கும், பேரரசரே எழுந்து மரியாதை செய்வார். ஆனாலும் யாரும் அவர்களிடம் இனி எதையும் எதிர்பார்ப்பதில்லை. 1557இல் காபூலிலிருந்து வந்ததன் பின் ஏறக்குறைய 18 ஆண்டுகள் குல்பதன் பேகத்தின் பெயர் வரலாற்று நூல்களில் அனேகமாக இல்லை. அமைதியான ஆண்டுகள். இந்த அமைதியிலிருந்து அவர் எழுந்தது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அவருடைய சொந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் பிறந்தது காபூலில், 1523ஆம் ஆண்டளவில். தாய் தில்தார் பேகம். இரண்டு வயதளவில் பாபரின் மூத்த துணைவியான மாஹம் பேகம் அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டார். மாஹம் பேகம் ஹுமாயூனைப் பெற்றவர். அவருக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. தில்தார் பேகத்தின் மகன் ஹிந்தாலையும் அவரே வளர்த்தார். இதனால் குல்பதனுக்கு இரண்டு உம்மாமார்.

காபூல் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். நமக்கு இலையுதிர்காலம் என்பது புத்தகத்தில் படித்த காலம். பருவம் மாறுவதை நாம் மழையில்தான் காண்கிறோம். அங்கே அது கண்முன்னே நடக்கும். திராட்சையும் மாதுளையும் பறித்து முடிந்ததும் தோட்டங்கள் மஞ்சளாகிச் சிவக்கும். பாபர் இந்தக் காலத்தின் மீது பெரும் பற்றுள்ளவர். 1519ஆம் ஆண்டு ஒக்டோபரில் காபூலுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இளம் ஆப்பிள் மரமொன்றைக் கண்டு, கிளைக்கு ஐந்தாறு இலை மட்டும் எஞ்சியிருந்த அதன் அழகை எந்த ஓவியனாலும் தீட்ட முடியாது என்ற கருத்தில் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். வாளோடு திரிந்த ஒரு மனிதர் இலைகளை எண்ணிக்கொண்டு நின்றது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் அதே இலையுதிர்காலம்தான் காபூலில் ஆண்கள் புறப்பட்டுப் போகும் காலமும். இன்னும் சில வாரங்களில் கணவாய்களைப் பனி மூடிவிடும். தெற்கே இந்துஸ்தானத்திலோ வெயில் தணிந்து, ஆறுகள் கடக்கத்தக்கதாக இறங்கியிருக்கும். ஆகவே படைகள் நவம்பரில் புறப்படும். 1525 நவம்பரில் பாபர் அப்படித்தான் புறப்பட்டுப் போனார். அப்போது குல்பதனுக்கு இரண்டு வயது. தகப்பனின் முகம் மனதில் பதியுமுன்னே அவர் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் பானிபட் போர் நடந்தது. நமது பாடங்களில் பானிபட் என்றால் படைத்தொகையும் பீரங்கியும்தான். குல்பதனின் நூலில் பானிபட் என்றால் காபூலுக்கு வந்த பரிசுகள். வீட்டிலிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பாபர் தனித்தனியாகப் பட்டியலிட்டு அனுப்பினார். அஸஸ் என்ற வயதான வேலைக்காரருக்கு ஒரேயொரு தங்க நாணயம்தான் என்று சொல்லியனுப்பினார். கிழவர் மூன்று நாள் மனம் வெதும்பியிருந்தார். பிறகு அவருடைய கண்ணைக் கட்டி, கழுத்தில் அந்த நாணயத்தை மாட்டினார்கள். அது அவருக்கென்றே வார்த்த மிகப் பெரிய நாணயம்; அதன் பாரத்தில் அவர் திகைத்துப்போனார். பிறகு அதை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம். அப்போது குல்பதனுக்கு மூன்று வயது இருக்கும். பெரியவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டே அவர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். 60 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் இதை மறக்கவில்லை.

1529 ஜனவரியில் மாஹம் பேகம் காபூலை விட்டுப் புறப்பட்டார். குல்பதனும் உடன் போனார். அவருடைய முதலாவது நெடும்பயணம் ஒரு குளிர்காலப் பயணம். ஆறு வயதுப் பிள்ளை. ஆக்ரா போய்ச் சேர ஜூன் மாதமாகிவிட்டது. மாஹம் பேகம் நெருங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் பாபர் குதிரைக்குக்கூடக் காத்திராமல் நடந்தே போய் எதிர்கொண்டார் என்று குல்பதன் எழுதியுள்ளார். மறுநாள்தான் மகள் தகப்பனைக் கண்டார். பேரரசர் அவரைத் தூக்கி அணைத்துக்கொண்டபோது ஏற்பட்ட சந்தோஷத்துக்கு மேல் வேறொன்று இருக்க முடியாது என்பது அவர் எழுதியதன் சாரம். அந்தத் தகப்பனும் அதே ஆண்டில்தான், காபூலிலிருந்து வந்த முலாம்பழம் ஒன்றை வெட்டி, ஊர் நினைவில் கண்ணீர் விட்டதை நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். ஊரை நினைத்து அழுத தகப்பனிடம் அந்த ஊரிலிருந்தே பிள்ளை வந்து சேர்ந்தது.

ஆக்ராவிலிருந்து அவர்கள் சிக்ரிக்குப் போனார்கள். அங்கே பாபர் ஒரு தோட்டம் அமைத்து, அதில் ஒரு மண்டபத்தில் இருந்து தன் நூலை எழுதுவது வழக்கம். ஒருநாள் மாஹம் பேகம் தொழப் போனபோது, பாபரின் இன்னொரு துணைவியிடம் தன் கையைப் பிடித்து இழுக்கும்படி குல்பதன் விளையாட்டாகச் சொன்னார். அவர் இழுத்ததும் மூட்டு விலகிவிட்டது. பிள்ளை அலற, முறிவு வைத்தியரைக் கூப்பிட்டுக் கட்டுப்போட்டார்கள். இதையும் வரலாறு என்று நினைத்து ஒருவர் எழுதியிருப்பதை எண்ணிப் பாருங்கள். வேறெந்த முகலாய வரலாற்றாசிரியரிடமும் இப்படி ஒரு கை கிடைக்காது. 1575இல் அக்பர் தலைநகரம் கட்டிக்கொண்டிருந்ததும் இதே சிக்ரியில்தான். குல்பதன் பேகம் ஓய்வு நாட்களைக் கழித்த ஊரில்தான் அவருடைய தகப்பன் இருந்து எழுதியதும், அவருடைய கை விலகியதும் நடந்தன.

தகப்பனோடு அவருக்குக் கிடைத்தது ஒன்றரை ஆண்டுதான். ஹுமாயூன் கடும் நோயில் விழுந்தபோது, மகனுக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொள்ளுமாறு பாபர் கட்டிலைச் சுற்றி வந்து துஆக் கேட்ட கதையை நாம் அறிவோம். 1530 டிசம்பர் 26இல் பாபர் மௌத்தானார். அவரது உடல் முதலில் ஆக்ராவில் அடக்கப்பட்டு, பிறகு காபூலுக்கே கொண்டு போகப்பட்டது. 1533இல் வளர்த்த உம்மாவும் போனார். பத்து வயதில் குல்பதன் மீண்டும் பெற்ற உம்மாவிடம் வந்தார்.

அதன் பின் வந்தவை தோல்வியின் ஆண்டுகள். 1539இல் சௌசாவில் ஷேர் ஷாவிடம் ஹுமாயூன் தோற்றார். மற்ற நூல்கள் எத்தனை படைவீரர் ஆற்றில் மூழ்கினர் என்று சொல்லும்போது, குல்பதன் காணாமற்போன பெண்களின் பெயரைச் சொல்கிறார். அதில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் உண்டு. ஹுமாயூனின் சிறு மகள் அகீகா உண்டு. அவளை ஏன் கூட அழைத்துப் போனேன் என்று ஹுமாயூன் வருந்தியதும் உண்டு. அந்தப் பெண்களின் கதி என்னவாயிற்று என்று கடைசிவரை தெரியவரவில்லை. இந்த நாட்களில்தான், பல காலத்துக்குப் பின் தங்கையைக் கண்ட ஹுமாயூனுக்கு அவரை அடையாளம் தெரியாமற்போனது. போகும்போது சிறுமியின் தொப்பி அணிந்திருந்தவர், இப்போது மணமான பெண்ணின் தலைத்துணி அணிந்திருந்தார். கணவர் கிஸ்ர் குவாஜா கான், உறவுமுறையில் வந்தவர். அவரைப் பற்றிக் குல்பதன் தன் நூலில் எழுதியது மிகக் கொஞ்சம்.

1540இல் தமையன் கம்ரான் லாகூருக்குப் போகும்போது குல்பதனையும் கூட்டிப் போவேன் என்று பிடிவாதமாக நின்றார். தில்தார் பேகத்தையும், ஹிந்தாலையும், ஹுமாயூனையும் விட்டுப் போக அவருக்கு விருப்பமில்லை. தன்னைப் பிரித்து அனுப்பிவிடுவீர்கள் என்று நினைக்கவே இல்லையே என்று ஹுமாயூனுக்கு எழுதினார். ஹுமாயூனோ கம்ரானை மறுக்க முடியாத நிலையில் இருந்தார். அழுதுகொண்டே போனார். லாகூர், பிறகு காபூல். பிறந்த ஊருக்குத் திரும்பினார் என்று இதைச் சொல்லலாம். ஆனால் விரும்பிப் போன பயணமல்ல. ஆறு வயதில் மாஹம் பேகம் கூட்டிப் போனார், 17 வயதில் கம்ரான் கூட்டிப் போனார். அவருடைய வாழ்க்கையில் எந்தப் பயணத்தையும் அதுவரை அவர் தீர்மானிக்கவில்லை என்பதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காபூலில் 1557 வரை இருந்தார். அவருடைய நூலின் மிக அழகான பக்கமும் மிகத் துயரமான பக்கமும் இந்தக் காபூல் ஆண்டுகளுக்கு உரியவை.

அழகான பக்கம், மலைக்கு ரவாஜ் பார்க்கப் போன கதை. ரவாஜ் என்பது பனி உருகும் காலத்தில் மலைச்சரிவில் முளைக்கும் புளிப்பான தண்டுள்ள ஒரு செடி. அதைப் பார்க்க வேண்டும் என்று பெண்கள் எல்லோரும் நீண்ட நாட்களாக ஹுமாயூனை நச்சரித்தார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று போய், கடைசியில் ஒருநாள் குதிரையில் ஏறிப் புறப்பட்டார்கள். நிலா வெளிச்சத்தில் பேச்சும் கதையும் பாட்டுமாய்ப் போனார்கள். வழியில் அருவி பார்த்தார்கள். பெண்கள் சுணங்கியதால் ஹுமாயூன் கோபித்ததும், பிறகு சமாதானமானதும் உண்டு. ஒரு சுற்றுலாவில் நமக்கு நடப்பதெல்லாம் அதில் இருக்கிறது.

துயரமான பக்கம் சகோதரர்களின் சண்டை. பாபருக்கு ஹுமாயூன், கம்ரான், அஸ்கரி, ஹிந்தால் என நான்கு ஆண்மக்கள். ஹுமாயூன் நாடிழந்து ஈரான்வரை போய், 1545இல் திரும்பிவந்து காபூலைக் கம்ரானிடமிருந்து எடுத்தார். பிறகு கம்ரான் திரும்ப எடுத்தார். ஊர் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறிக்கொண்டேயிருந்தது. 1547இல் ஹுமாயூன் காபூல் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த கம்ரான் ஐந்து வயதும் நிரம்பாத அக்பரைக் கோட்டைச் சுவரில் துப்பாக்கிச் சூட்டுக்கு எதிரே நிறுத்தினார். கணவரைத் தன் பக்கம் வரச்சொல்லி எழுதும்படி கம்ரான் வற்புறுத்தியபோது, தன் கையெழுத்து அவருக்குத் தெரியாது, தான் ஒருபோதும் அவருக்குக் கடிதம் எழுதியதில்லை என்று குல்பதன் நயமாகத் தட்டிக்கழித்தார். ஹுமாயூனை விட்டுப் பிரியவே வேண்டாம் என்று கணவருக்கு அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். மிரட்டுகிற அண்ணனின் முன்னால் நின்று இப்படிப் பதில் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1551 நவம்பரில் கம்ரானின் ஆட்கள் நடத்திய இராத்தாக்குதலில் ஹிந்தால் கொல்லப்பட்டார். ஒரே தாய் பெற்று, ஒரே வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த சகோதரன். அந்த இடத்துக்கு வரும்போது குல்பதனின் நிதானமான எழுத்து உடைகிறது. அந்த வாள் தன் நெஞ்சிலோ, தன் மகனிலோ, தன் கணவரிலோ பட்டிருக்கலாகாதா என்றுகூட எழுதிவிடுகிறார். ஹிந்தாலைக் காபூலில் பாபரின் அருகே அடக்கினார்கள். 1553இல் கம்ரான் பிடிபட்டார். அமீர்களின் வற்புறுத்தலால் அவருடைய கண்கள் குருடாக்கப்பட்டன. அவர் மக்காவுக்குப் போக அனுமதி கேட்டுப் போய், 1557இல் அங்கேயே மௌத்தானார். அஸ்கரியும் மக்காவுக்கு அனுப்பப்பட்டு, போகும் வழியிலேயே இறந்தார். ஹுமாயூன் 1554 நவம்பரில் காபூலை விட்டு இறங்கி டில்லியை மீட்டார். ஆனால் 1556 ஜனவரியில் நூலகப் படிகளில் விழுந்து காலமானார். நான்கு சகோதரர்களும் முடிந்துபோனார்கள். எஞ்சியவர்கள் பெண்கள்.

இப்போது 1575க்குத் திரும்புவோம். யார் யார் குல்பதன் பேகத்தோடு மக்காவுக்குப் போனார்கள் என்று அபுல் ஃபஸ்ல் பெயர்ப் பட்டியல் தருகிறார். அபுல் ஃபஸ்ல் அதை ஒரு பட்டியலாகவே விட்டுவிட்டார். யார் யாருடைய மகள், யார் யாருடைய கைம்பெண் என்று ஒவ்வொரு பெயராகப் பார்க்கும்போதுதான் அதற்குள் இருப்பது தெரியும்.

ஹாஜி பேகம், குல்இஸார் பேகம் ஆகிய இருவரும் கம்ரானின் பெண்மக்கள். கண்ணிழந்த தகப்பன் போய் மௌத்தான மண்ணுக்கு அவர்கள் போகிறார்கள். சுல்தானம் பேகம் அஸ்கரியின் கைம்பெண். அவருடைய கணவர் அந்த வழியில்தான் இறந்தார். ஹுமாயூன் ஈரானுக்கு ஓடியபோது விட்டுப்போன கைக்குழந்தை அக்பரை கந்தகாரில் வைத்துப் பார்த்தவரும் இந்தச் சுல்தானம் பேகமே. சலீமா சுல்தான் பேகம் அக்பரின் மனைவி, பாபரின் மகள் வயிற்றுப் பேத்தி. அவருடைய முதற்கணவர் பைராம் கான். அவரும் ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டு, 1561இல் குஜராத்தின் பதான் நகரில் கொலையுண்டார். இவர்களுக்கெல்லாம் மூத்தவராகக் குல்பதன் போனார். அவருடைய ஹிந்தாலைக் கொன்றவர்கள் கம்ரானின் ஆட்கள். அந்தக் கம்ரானின் பிள்ளைகளை அவரே கூட்டிப் போகிறார். குல்பதனின் பேத்தி உம்மு குல்தூமும் இருந்தார். பாபரின் வீட்டிலிருந்த முதிய பெண் ஒருவரும், பணிப்பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

நம் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார்கள். பல வருடமாகப் பேசாதிருந்த வீட்டுப் படியையும் அன்று மிதிப்பார்கள். குல்பதன் பேகத்துக்குப் பயணம் சொல்லப் பகைவீடு தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பகைவீட்டின் பிள்ளைகள் அவருடைய பயணத்திலேயே இருந்தார்கள். அந்தப் பெண்களுக்கிடையே என்ன பேச்சு நடந்தது என்று எந்த நூலும் எழுதவில்லை. ஆண்கள் அடித்துக்கொண்டு செத்த பாதையில் அவர்கள் ஒரே வண்டிக்கூட்டமாய்ப் போனார்கள் என்பது மட்டும் ஏட்டில் இருக்கிறது. எனக்கு அதுவே போதுமாகப்படுகிறது.

புறப்பட்டது ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் வாரத்தில். அக்பர் பணமும் பொருளும் தாராளமாகக் கொடுத்தார். ஆறு வயது இளவரசர் சலீமும் ஐந்து வயது முராதும் வழியனுப்ப வந்தார்கள். முராதைக் கடற்கரைவரை துணையாக அனுப்புவதென்றுதான் அக்பர் தீர்மானித்திருந்தார். பிள்ளை மிகச் சிறியவன், வேண்டாம் என்று குல்பதன் பேகம் தடுத்துவிட்டார். ஆறு வயதில் மலைப்பாதையில் மாதக்கணக்காகப் பயணம் செய்தவருக்கு, ஐந்து வயதுப் பிள்ளையின் பயணம் எப்படியிருக்கும் என்று தெரியாதா?

குளிர்காலம் முழுவதும் அவர்கள் மேற்கே குஜராத்தை நோக்கிப் போனார்கள். அந்த நாட்டை அக்பர் கைப்பற்றி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வழியும் முழுதாக அடங்கியிருக்கவில்லை. சூரத் துறைமுகத்தில் பெரிய தடையொன்று காத்திருந்தது. அரபிக்கடலில் போர்த்துக்கேயரின் அனுமதிச்சீட்டு இல்லாமல் கப்பல் போக முடியாது. இதே போர்த்துக்கேயர்தான் அக்காலத்தில் நமது கொழும்பிலும் கோட்டை வைத்திருந்தனர். நம் முன்னோருக்கும் அவர்களுடைய தொல்லை புதிதல்ல. அந்தச் சீட்டில் மர்யம் அலைஹிஸ்ஸலாம், ஈஸா அலைஹிஸ்ஸலாம் ஆகியோரின் உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்ததால், அதை எடுத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போவது கடமையாகாது என்று அரசவை ஆலிம் ஒருவர் தீர்ப்பும் சொல்லியிருந்தார். திரும்பிவிட நினைத்திருந்தால் நல்ல காரணம் கையில் இருந்தது. குல்பதன் பேகம் திரும்பவில்லை. சீட்டு கிடைக்கும்வரை காத்திருந்தார். வாடைக்காற்றுத் தொடங்கும் பருவத்தில், 1576 ஒக்டோபர் நடுப்பகுதியில், புறப்பட்டு ஓராண்டு கழித்து, கப்பல்கள் கரையை விட்டன.

ஹிஜாஸில் மூன்றரை ஆண்டுகள் தங்கி நான்கு முறை ஹஜ் செய்தார்கள். முகலாயப் பெண்கள் அள்ளிக்கொடுத்த தர்மத்துக்காக மக்காவில் கூட்டம் கூடியது. அது உஸ்மானிய அரசுக்குப் பிடிக்கவில்லை. இவர்களைத் திருப்பியனுப்பும்படி சுல்தான் மூன்றாம் முராத் மக்காவின் ஷரீபுக்குத் திரும்பத் திரும்பக் கட்டளை அனுப்பியிருக்கிறார். அந்தக் கட்டளைகள் இன்றும் துருக்கியின் ஆவணங்களில் இருக்கின்றன. கட்டளை ஒன்றுக்குமேல் போக வேண்டியிருந்தது என்றால், இவர்கள் முதற்கட்டளைக்கு அசையவில்லை என்றுதானே பொருள்! பிறகு திரும்பும்போது ஏடன் அருகே கப்பல் உடைந்தது. பல மாதங்கள் அங்கே அகப்பட்டுக் கிடந்தார்கள். அங்கிருந்த ஆளுநர் நல்ல முறையில் நடந்துகொள்ளவும் இல்லை. 1582இல்தான் சிக்ரிக்கு வந்து சேர்ந்தார்கள். எதிர்கொள்ள அனுப்பப்பட்ட சலீமுக்கு இப்போது 12 வயது. வழியனுப்பிய சின்னப்பிள்ளை வளர்ந்துவிட்டான். குல்பதன் பேகத்துக்கு 59.

அந்த வயதுக்குப் பிறகுதான் அவர் எழுத உட்கார்ந்தார். 1587அளவில், தன் ஆட்சியின் வரலாற்றை எழுதுவிக்க விரும்பிய அக்பர், பாபரையும் ஹுமாயூனையும் நேரில் அறிந்தவர்கள் தமக்குத் தெரிந்ததை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். மாமியும் எழுதினார். பாரசீக மொழியில், இடையிடையே வீட்டுத் துருக்கிச் சொற்கள் கலந்து, பேசுகிற மாதிரியே எழுதினார். தனக்குத் தெரியாததைக் கேட்டறிந்து எழுதினார். 1541இல் ஹுமாயூனை மணக்க மாட்டேன் என்று ஹமீதா பானு 40 நாள் மறுத்துநின்ற கதை அப்படி எழுதியதே. ஹமீதா அவருடைய உயிர்த் தோழி, அக்பரின் தாய். பேரரசரின் உம்மா, வாப்பாவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன கதையைப் பேரரசருக்கென்றே எழுதிக் கொடுக்கும் துணிவு அந்தப்புரத்து மாமிக்குத்தான் வரும்.

‘ஹுமாயூன்நாமா’ என்ற அந்த நூலின் ஒரேயொரு கையெழுத்துப் பிரதிதான் கிடைத்துள்ளது. அது இப்போது லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. 1868இல் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் கைம்பெண்ணிடமிருந்து வாங்கிய ஏடுகளோடு அது அங்கே போய்ச் சேர்ந்தது. 1902இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அன்னெட் பெவரிட்ஜ். இளவயதில் கல்கத்தாவுக்கு வந்து பெண்பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தியவர் அவர். எழுதியவர் ஒரு பெண், காத்து வைத்துக் கொடுத்தவர் ஒரு பெண், வெளியே கொண்டுவந்தவர் ஒரு பெண்.

அந்தப் பிரதி முழுமையானதல்ல. கம்ரானின் கண்கள் போன இடத்தோடு, வசனம் முடியாமலே நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னுள்ள தாள்கள் இல்லை. ஆகவே அவருடைய வாழ்க்கையில் அவரே தீர்மானித்துப் போன அந்த ஒரு பயணத்தைப் பற்றி அவருடைய வாயால் ஒரு வார்த்தைகூட நமக்குக் கிடைக்கவில்லை. சிறுவயதில் விலகிய கையின் வலியை எழுதியவர், கஃபாவை முதன்முதல் கண்ட கணத்தை எப்படிச் சொல்லியிருப்பார்! ஏடனில் கப்பல் உடைந்த இரவில் கம்ரானின் பெண்மக்கள் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதை அவர் அல்லாமல் வேறு யார் எழுதுவார்? வரலாற்றில் எத்தனையோ நூல்கள் தொலைந்திருக்கின்றன. இந்தத் தாள்களின் இழப்பைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

1603 பெப்ரவரியில், 80 வயதில், சில நாள் காய்ச்சலின் பின் அவர் மௌத்தானார். கடைசி நேரத்தில் ஹமீதா பானு பக்கத்தில் இருந்து, அவர்களுக்குள் வழங்கிய செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜனாஸாவை எடுத்தபோது 60 வயதான அக்பர் கொஞ்சத் தூரம் சந்தூக்கைத் தன் தோளில் சுமந்து நடந்தார்.